லைசென்ஸ் பூட்டுள்ள மென்பொருளோடு ஹார்டு டிஸ்க்கை நகலெடுப்பது

பழைய விண்டோஸ் 7 கணினியில் பிளெக்ஸ்நெட் (லைசென்ஸைச் சரிபார்க்கும் மென்பொருள்) பூட்டு போட்ட மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால், சி டிரைவில் உள்ள ஃபைல்களை ஒன்றுவிடாமல் காப்பி எடுத்தாலும் லைசென்ஸ் கூடவே வராமல் போகலாம். பல சமயம் லைசென்ஸின் ஒரு பகுதி எந்த ஃபைலிலும் இருப்பதில்லை. டிஸ்க்கின் முதல் செக்டாரில் (டிஸ்க் பிரிக்கப்பட்டிருக்கும் சிறு துண்டுகளில் முதலாவது) உள்ள 512 பைட் எம்பிஆருக்கும் (கணினி பூட் ஆகத் தேவையான தொடக்கப் பதிவு), 2048-ஆவது செக்டாரில் தொடங்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் (ஃபைல்கள் இருக்கும் பகுதி) நடுவே ஒரு இடம் சும்மா கிடக்கிறது. அங்கேதான் அது எழுதப்படுகிறது. லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் பூட்லோடரும் அதே இடத்தைத்தான் பயன்படுத்தும்; நிறுவும்போது 32-ஆவது செக்டாரில் பிளெக்ஸ்நெட் இருப்பதாக அது எச்சரிப்பது இதனால்தான்.

ஆகவே முழு டிஸ்க்கையும் நகலெடுங்கள், பார்ட்டிஷனை மட்டும் எடுக்காதீர்கள். புது டிஸ்க் அதே அளவாகவோ பெரிதாகவோ இருக்கட்டும். ஒரு செக்டார் குறைந்தாலும் முழு நகல் அடங்காது. பென்டிரைவிலிருந்து குளோன்ஸில்லா என்ற டிஸ்க் நகலெடுக்கும் மென்பொருளை பூட் செய்து, டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு என்பதைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்பர்ட் மோடுக்குப் போனால், எம்பிஆருக்குப் பின்னால் மறைந்திருக்கும் தரவையும் நகலெடுக்கும் தேர்வு முன்பே டிக் ஆகியிருக்கும். அதை எடுத்துவிடாதீர்கள். பழைய டிஸ்க்கில் பேட் செக்டார் (பழுதாகிப் படிக்க முடியாத இடம்) இருந்தால் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள்தான் சரி: படிக்க முடிந்ததை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதைப் பயன்படுத்தினாலும், எது மூலம், எது நகல் என்பதை டிஸ்க்கின் மாடலையும் சீரியல் எண்ணையும் பார்த்து உறுதி செய்யுங்கள். மாறிப்போனால் இருந்ததும் அழிந்துவிடும்.

முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கைக் கழற்றிய பிறகே நகலிலிருந்து பூட் செய்யுங்கள். எம்பிஆருக்குள் இருக்கும் 4 பைட் டிஸ்க் சிக்னேச்சர் (விண்டோஸ் டிஸ்க்கை அடையாளம் காணும் எண்) இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். இரண்டையும் சேர்த்து மாட்டினால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைனில் போடும், அதாவது பயன்படுத்தாமல் ஒதுக்கிவைக்கும். அதை டிஸ்க் மேனேஜ்மென்டில் ஆன்லைன் ஆக்கினால் அதன் சிக்னேச்சர் மாற்றி எழுதப்படும். அப்புறம் அந்த டிஸ்க் பூட் ஆகாமல் போகலாம்.

டிஸ்க்கின் எலக்ட்ரானிக்ஸில் பதிந்த சீரியல் எண் எந்த நகலிலும் வராது. அதைச் சரிபார்க்கும் மென்பொருள் மறுபடி ஆக்டிவேஷன் கேட்கும். அவசரப்பட்டு பொத்தானை அழுத்த வேண்டாம், பல மென்பொருள்களில் ஆக்டிவேஷன் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. புதியதைக் கழற்றிவிட்டுப் பழைய டிஸ்க்கை மட்டும் மாட்டி, அதில் டிஆக்டிவேட் செய்துவிட்டுப் புதியதில் ஆக்டிவேட் செய்யுங்கள். பழையது இறந்துபோயிருந்தால் வாங்கிய பில்லோடு விற்ற நிறுவனத்திடம் கேட்பதே வழி. டாங்கிள் (யுஎஸ்பி போன்ற துளையில் செருகும் சாவிக் கருவி) வைத்து ஓடும் மென்பொருளுக்கு டிஸ்க் நகலில் டிரைவர் மட்டுமே வரும். சாவி டாங்கிளுக்குள்தான் இருக்கிறது, அதைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள்.