மாணவர்களோடு அகழாய்வு: எங்கே சறுக்குகிறது?

பல நாட்டு மாணவர்கள் வந்து பழகும் அகழாய்வில் நடக்கும் பெரிய தவறு, அவர்களை மண் அள்ளும் ஆளாக மட்டும் பார்ப்பதுதான். துருக்கியில், கொன்யா சமவெளியில் இருக்கும் சாத்தல்ஹோயூக்கையே எடுத்துக்கொள்ளலாம். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஊர். கூரை வழியாக ஏறி இறங்கும் மண் வீடுகள். இறந்தவர்களை வீட்டுத் தரைக்கடியிலேயே புதைத்தார்கள். தொல்லியலாளர் இயான் ஹாடர் தலைமையில் 1993 முதல் 2018 வரை நடந்த ஆய்வுத் திட்டத்தில் பல நாட்டு மாணவர்கள் பயிற்சி பெற்றார்கள்.

அங்கே ஒரு மாணவி கரணையால் தரையைச் சுரண்டும்போது கறுப்பாக ஏதோ மின்னுகிறது என்று வைத்துக்கொள்வோம். எரிமலைக் கண்ணாடி என்ற கறுப்புக் கல்லில் செய்த ஈட்டிமுனை. கை தானாக அதைப் பிடுங்கப் போகும். அந்த நொடியில் நிறுத்தத்தான் சொல்லித்தர வேண்டும். இந்த ஊர்க்காரர்கள் அடுப்புக்குப் பக்கத்தில், தரைக்கடியில் குழி வெட்டி இந்தக் கற்களைப் பத்திரப்படுத்தியதுண்டு. பிடுங்கிவிட்டால், அது புதைத்து வைத்ததா, கைவிட்ட வீட்டை நிரப்பிய மண்ணோடு வந்து விழுந்ததா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. மண்ணின் நிறம் லேசாக மாறும் விளிம்பைக் கண்டுபிடித்து, அந்த அடுக்குக்குத் தனி எண் கொடுத்து, வரைந்து, படமெடுத்து, மட்டம் பார்த்த பிறகே பொருளைத் தொடலாம். "இன்று எவ்வளவு ஆழம் போனீர்கள்?" என்று சாயங்காலம் கேட்கும் தலைவர் இந்தப் பழக்கத்தை முளையிலேயே கிள்ளிவிடுவார்.

ஆய்வகத்தையும் குழியையும் பிரித்து வைப்பது இன்னொரு தவறு. தான் எடுத்த மண்ணில் என்ன விதை, என்ன எலும்பு இருந்தது என்று ஊர் திரும்பும்வரை தெரியாவிட்டால் அது என்ன பயிற்சி? சாத்தல்ஹோயூக்கில் நிபுணர்கள் குழிக்கே வந்து, தோண்டுபவர்களோடு பேசி, எந்த மண்ணை முதலில் ஆராய்வது என்று முடிவெடுத்தார்கள். அந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அனுமதி விஷயத்தில் அசட்டை கூடாது. துருக்கியில் அரசுப் பிரதிநிதி ஒருவர் களத்திலேயே இருப்பார். கிடைக்கும் பொருட்கள் அந்த நாட்டுக்கே சொந்தம். எல்லாவற்றையும் ஊருக்குக் கொண்டுபோய் ஆராயலாம் என்று கணக்குப் போடுவது வீண். உள்ளூர் ஆட்களிடம் கற்றுக்கொள்ளவும் மாணவர்களை உட்கார வையுங்கள். பக்கத்து கிராமமான குச்சுக்கோய் பெண்கள், அலசிய மண்ணில் எஞ்சியதிலிருந்து துளி எலும்பையும் மணியையும் கையால் பிரித்தெடுத்தார்கள்.

அப்புறம், கடைசி நாள்வரை தோண்டாதீர்கள். கிடைத்த பொருட்களைப் போட்ட பைக்குள் இருக்கும் சீட்டையும் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சில நாள் ஒதுக்குங்கள். எழுதிய மாணவர் விமானம் ஏறிவிட்டால், விடுபட்ட எண் எந்த அடுக்குடையது என்று கேட்க ஆள் இருக்காது.