முதுகில் ரம்பம் உள்ள கத்தி: சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாங்காய் இறக்கி முடிந்ததும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம் பக்கத் தோப்புகளில் கவாத்து வேலை, அதாவது கிளை கழிக்கும் வேலை, தொடங்கிவிடும். அந்தச் சமயம் பார்த்துத்தான் இளைஞர்கள் புதிதாக வாங்கிய கத்தியோடு வருகிறார்கள். ஒரு பக்கம் வெட்டும் விளிம்பான கத்தி வாய், முதுகில் ரம்பப் பல். மலைப்பக்கம் தங்கப் போகும்முன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அவர்கள் சோதிக்கும் விதத்தில், தொடக்கத்தில் நான் செய்த தவறுகள் எல்லாமே வரிசையாக வந்து நிற்கின்றன. விரலைப் பார்த்து வெட்டு, உறையில் போட்டு வை என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவற்றைச் சொல்கிறேன்.

காகிதத்தையும் தக்காளியையும் வெட்டிப் பார்ப்பது

சமையலறைக் கத்திக்கு அது போதும். இதற்குப் போதாது.

காய்ந்த குச்சியை அறுத்துவிட்டு ரம்பம் நன்றாக இருக்கிறது என்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். போன கவாத்தின்போது அக்காள் மகன் ஒரு கத்தி கொண்டுவந்தான். பல் வரிசை 12 சென்டிமீட்டர், முதுகின் தடிமன் 5 மில்லிமீட்டர். வாசலில் கிடந்த விரல் பருமன் வேப்பங்குச்சியை நாலு இழுப்பில் துண்டாக்கிவிட்டு, "மாமா, எப்படி அறுக்கிறது பாருங்கள்" என்றான். மறுநாள் யாரையும் கேட்காமல் ஒரு பெங்களூரா ரக மாமரத்தில் ஏறி, மணிக்கட்டைவிடப் பருத்த பச்சைக் கிளையில் அதை வைத்தான். மூன்றில் ஒரு பங்கு போனதும் ரம்பம் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. முறுக்கி முறுக்கிக் கத்தியை வெளியே எடுத்தவன், மிச்சத்தை உடைத்துவிடலாம் என்று கிளையைப் பிடித்துத் தொங்கினான். கிளை ஒடியவில்லை. அடிப்பட்டையைப் பிடித்துக்கொண்டு தாய்மரத்தில் ஒரு முழத்துக்கு உரித்துக்கொண்டு இறங்கியது.

கத்தி கெட்டால் காசோடு போகும். இருபது வருட மரத்தின் பட்டை உரிந்தால் அந்தக் காயம் மூட வருடக்கணக்கில் ஆகும். தண்டுத் துளைப்பான் வண்டு முட்டையிடத் தேடுவது இப்படிப்பட்ட வெடிப்பையும் காயத்தையும்தான். அன்று மாலையே மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் கணக்கில் போர்டோ பசை என்னும் காயப் பூச்சைக் கலக்கிப் பூசினோம். வாசலில் அந்தக் குச்சியை அறுத்ததற்குப் பதிலாக, தரையில் வெட்டிக் கிடந்த ஒரு பச்சைக் கிளையை அறுத்துப் பார்த்திருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது.

குச்சியில் ஓடிய ரம்பம் கிளையில் ஏன் நின்றது? இதைப் புரிந்துகொண்டால் எந்தக் கருவியையும் கடையிலேயே பாதி எடை போட்டுவிடலாம். 12 சென்டிமீட்டர் ரம்பத்தால் 2 சென்டிமீட்டர் குச்சியை அறுக்கும்போது, அலகு அறுப்புத் தடத்தைவிட்டு வெளியே வராமல் 10 சென்டிமீட்டர் இழுக்கலாம். 8 சென்டிமீட்டர் கிளையில் அந்த இழுப்பு வெறும் 4 சென்டிமீட்டர். நடுவில் உள்ள பற்கள் மரத்தைவிட்டு வெளியே வருவதே இல்லை. அறுத்த தூள் அங்கேயே தங்கிவிடுகிறது. காய்ந்த மரத்தின் தூள் உதிரும். பச்சை மாமரத்தின் தூள் ஈரப் பசையாகப் பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும். இடுக்கு ஆழமில்லாத ரம்பம் என்றால் ஏழெட்டு இழுப்பிலேயே பற்கள் மறைந்து, அலகு மரத்தின் மேல் வழுக்கத் தொடங்கிவிடும். நிறுத்திவிட்டுப் பல்லை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். ஈர மரத்தூள் கட்டியாக வந்தால் அந்த ரம்பம் பச்சை மரத்துக்கு லாயக்கில்லை.

அடுத்தது தடிமன். தச்சரின் ரம்பத்தில் பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்த்திருப்பார்கள். அதனால் அறுப்புத் தடம் தகட்டைவிட அகலமாக விழுந்து, தகடு உரசாமல் ஓடும். கத்தி முதுகில் வெட்டிய பற்களில் பெரும்பாலும் இந்தச் சாய்வு இருக்காது. அப்படியானால் அலகாவது முதுகிலிருந்து வாய் நோக்கி உடனே மெலிந்துகொண்டு போக வேண்டும். முதுகுக்குக் கீழே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஒரே தடிமனில் நீண்டு, அதற்குப் பிறகுதான் சரிவு தொடங்குகிறது என்றால், பற்கள் முழுகியதும் இரண்டு பக்கமும் மரத்தில் உரசிச் சிக்கிக்கொள்ளும். இன்னொரு கணக்கும் உண்டு. மெல்லிய மடக்கு ரம்பம் ஒரு மில்லிமீட்டர் சொச்ச அகலத்துக்குத்தான் மரத்தைத் தூளாக்குகிறது. 5 மில்லிமீட்டர் முதுகு அதைப்போல மூன்று நான்கு மடங்கு மரத்தைத் தின்றாக வேண்டும். அத்தனையும் உங்கள் தோள் தர வேண்டிய வேலை.

கத்தியும் ரம்பமும் ஒரே பிடியில் தனித்தனி அலகுகளாக மடங்கும் வகை இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்கிறது. சுவிட்சர்லாந்து ராணுவத்தின் 1961 மாதிரி சிப்பாய்க் கத்தியில் மர ரம்பம் கிடையாது. 2008-ல் வந்த மாதிரியில்தான் அதைச் சேர்த்தார்கள். மடித்தால் 111 மில்லிமீட்டர் நீளமே உள்ள கத்தி அது. அதற்குள் அடங்கும் ரம்பம் சிறியதுதான். ஆனாலும் ரம்பத்துக்கென்றே செய்த மெல்லிய தகடு என்பதால் சிக்காமல் ஓடுகிறது. எனக்கு முதுகு ரம்பத்தைவிட இந்த வகைமேல்தான் நம்பிக்கை.

சோதிக்க மூன்று கட்டைகள் போதும்: மணிக்கட்டுப் பருமனில் ஒரு பச்சை மாங்கிளை, அதே பருமனில் காய்ந்த புளி, கொஞ்சம் சீமைக்கருவேலம். பாதிவரை அறுத்துவிட்டுக் கருவியை வெளியே எடுத்து, அதே தடத்தில் திரும்ப நுழைத்துப் பாருங்கள். தானாக இறங்கினால் நல்லது. தட்டித்தான் நுழைக்க வேண்டும் என்றால் அது முழு ஆழத்தில் சிக்கும். பிறகு கட்டையின் இரு முனையையும் கல்மேல் வைத்து நடுவில் மேலிருந்து அறுங்கள். கட்டை தன் பாரத்தால் தொய்ந்து, தடத்தின் வாய் மூடி அலகைக் கவ்வும். எந்த ரம்பமும் இங்கே திணறும். எவ்வளவு சீக்கிரம் திணறுகிறது, எவ்வளவு எளிதாக விடுபடுகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

மரத்தில் நிற்கும் கிளை வேறு கதை. அங்கே தடம் மூடாது, கிளை பாரத்தால் பிளந்துகொண்டு இறங்கும். அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி முதலில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுத்து, அதற்கு இரண்டு விரல் வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழவைத்து, கடைசியில் மரத்தில் மிஞ்சிய துண்டை அறுப்பதுதான் முறை. கருவி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இதை மாற்ற முடியாது.

அறுக்கும்போது மறு கையால் அமுக்குவது

ரம்பம் கீழே இருந்தால் கத்தி வாய் மேலே இருக்கிறது. பல் கீழ்நோக்கி இறங்காதபோது இடது உள்ளங்கை தானாக அலகின்மேல் போகும். யாரும் யோசித்துச் செய்வதில்லை, பழக்கம் அப்படி. சிக்கிய அலகு திடீரென்று விடுபட்டாலும் அந்த வாய் உங்களை நோக்கித்தான் வரும். இடது கை எப்போதும் கிளையில், தடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கட்டும். அமுக்கினால்தான் அறுக்கும் என்றால் அந்த ரம்பம் வேண்டாம்.

முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளப்பது

பல் இல்லாத தடித்த கத்தியில் இதைச் செய்வார்கள். பல் உள்ள முதுகில் அடித்தால் கட்டை நார் நாராகும், பல்முனை மழுங்கும். அதைவிட மோசம், ஒவ்வொரு பல்லிடுக்கும் இரும்பில் ஏற்கெனவே வெட்டிவைத்த பள்ளம் என்பது. அடியின் விசை அங்கே குவியும். விரிசல் தொடங்கினால் அந்த மூலையில்தான் தொடங்கும். சோதனை முடிந்ததும் பல்லிடுக்குகளை வெயிலில் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். தலைமுடி அளவு கோடு தெரிந்தாலும் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மூங்கிலில் தொடங்குவது

மூங்கில் தோலில் சிலிக்கா அதிகம். பல்லையும் வாயையும் சீக்கிரம் மழுக்கும். கடைசியில் அறுங்கள்.

கை காய்ந்திருக்கும்போது மட்டும் பிடித்துப் பார்ப்பது

கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள்.

மாங்கிளையின் சுணைப்பாலோடு உறையில் செருகுவது

மாம்பால் அமிலத்தன்மை உள்ளது, தோலையே புண்ணாக்கும். கார்பன் எஃகில் ஓர் இரவு இருந்தால் கருந்தடம் விழும், துருவுக்கு அதுவே தொடக்கம். துருப்பிடிக்காத எஃகு தப்பித்தாலும், பல்லிடுக்கில் காய்ந்த பால் அடுத்த முறை தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் முதலில் துடைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் இடுக்குகளைத் தேய்த்து, காயவைத்த பிறகு உறையில் போடுங்கள். உறைக்குள் வடிகால் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சோதனைக்கென்று காட்டுக்குள் போவது

அஞ்செட்டி, ஒகேனக்கல் பக்கம் காடு இருக்கிறதே, அங்கேயே சோதிக்கலாம் என்று கிளம்புகிறார்கள். செய்யவே கூடாது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் கணிசமான பகுதி 2014-ல் அறிவித்த காவேரி வடக்கு, 2022-ல் அறிவித்த காவேரி தெற்கு வனவிலங்குச் சரணாலயங்களில் வருகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், எழுத்துபூர்வ அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைவதைத் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் விளக்கத்தில் கத்தியும் ஆயுதம்தான். "சும்மா சோதிக்கத்தான் கொண்டுவந்தேன்" என்பது வனக்காவலரிடம் எடுபடாது. யானை நடமாடும் இடத்தில் குனிந்து கட்டை அறுத்துக்கொண்டிருப்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

ஆடி, ஆவணியில் போச்சம்பள்ளி, பர்கூர், காவேரிப்பட்டணம் என்று எந்தத் தோப்பு ஓரத்திலும் கவாத்துக் கழிகள் குவிந்து கிடக்கும். தோப்புக்காரரிடம் கேட்டால் இரண்டு கிளை கொடுப்பார். வெட்டி இரண்டு நாளுக்குள் இருப்பதாகப் பார்த்துக் கேளுங்கள். ஈரம் வற்றிவிட்டால் நீங்கள் சோதிப்பது மறுபடியும் காய்ந்த குச்சியைத்தான்.