காலனி எண்ணிக்கையைக் கெடுக்கும் தவறுகள்

பால், குடிநீர், மண் என எந்த மாதிரியாக இருந்தாலும், அதில் உயிரோடிருக்கும் பாக்டீரியாக்களின் அளவை அறியக் கல்லூரி ஆய்வகம் முதல் பால் பதப்படுத்தும் நிலையத்தின் தரக்கட்டுப்பாட்டு அறை வரை இன்றும் தட்டு எண்ணிக்கை முறையே கையாளப்படுகிறது. மாதிரியைப் படிப்படியாக நீர்த்து, கூழாக இறுகும் வளர்ப்பு உணவான அகார் ஊடகத்தோடு பெட்ரி தட்டில் இட்டு, வெப்பநிலையைச் சீராக வைக்கும் இன்குபேட்டரில் வைத்து, பாக்டீரியாக்கள் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளாகத் திரளும் காலனிகளை எண்ண வேண்டும், சொல்வதற்கு அவ்வளவுதான். ஆனால் தவறாகச் செய்த தட்டும் சரியாகச் செய்த தட்டைப் போலவே காலனிகளைக் காட்டும் என்பதால், தவறு நேர்ந்ததைத் தட்டைப் பார்த்து மட்டும் கண்டுகொள்ள முடியாது. பால் மாதிரியையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

மாதிரி ஆய்வகத்தை அடையும் முன்பே முதல் தவறு நேர்ந்துவிடக்கூடும். பனிக்கட்டிப் பெட்டியில் வராமல் வெயிலில் வந்த பாலில் பாக்டீரியாக்கள் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டித்தால், நான்கு மணி நேரத்தில் அவை 256 மடங்காகிவிடும். அதன் பிறகு எவ்வளவு துல்லியமாக எண்ணினாலும், அந்த எண் பயண நேரத்தைப் பற்றித்தான் பேசும், கறந்த பாலைப் பற்றி அல்ல.

எண்ணிக்கை பெரும்பாலும் கெடுவது நீர்த்தலில்தான். ஒரு மில்லிலிட்டர் பாலை நீர்க்கப் பயன்படும் திரவமான நீர்ப்பான் ஒன்பது மில்லிலிட்டரில் சேர்த்த பிப்பெட்டையே (அளந்து எடுக்கும் குழல்) அடுத்த குழாய்க்கும் பயன்படுத்துவதாக வைத்துக்கொள்வோம். பிப்பெட்டின் சுவரில் 0.05 மில்லிலிட்டர், அதாவது ஒரு துளி பால், ஒட்டியிருக்கிறது. முதல் குழாயிலிருந்து எடுக்கும் ஒரு மில்லிலிட்டரில் இருக்க வேண்டிய பாலே 0.1 மில்லிலிட்டர்தான். அந்த ஒரு துளியும் சேர்ந்தால் ஒரே படியில் எண்ணிக்கை ஒன்றரை மடங்காகிவிடும். எனவே ஒவ்வொரு படிக்கும் புதிய பிப்பெட் வேண்டும் என்பது வெறும் சம்பிரதாயம் அல்ல.

குழாயில் ஒன்பது மில்லிலிட்டர் உண்மையிலேயே இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அழுத்த நீராவியால் நுண்ணுயிர் நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கும் முன் அளந்த நீர்ப்பானில் அரை மில்லிலிட்டர் ஆவியாகிவிட்டால், நான்கு படிகள் நீர்த்த பின் கணக்கு ஏறக்குறைய 23 சதவீதம் மிகையாக வரும். நுண்ணுயிர் நீக்கிய பின் அளந்து நிரப்புவதே பாதுகாப்பானது. வெறும் காய்ச்சி வடித்த நீரை நீர்ப்பானாகக் கொள்வதும் சரியல்ல. சவ்வூடு பரவலால் செல்கள் நலிவதைத் தவிர்க்க 0.85 சதவீத உப்புக் கரைசலோ 0.1 சதவீத பெப்டோன் நீரோ வேண்டும். நீர்த்த மாதிரியை நெடுநேரம் வைத்திருக்கவும் கூடாது. பெப்டோன் நீர் பாக்டீரியாக்களுக்கு ஓரளவு உணவும்கூட, அதில் அவை பெருகத் தொடங்கிவிடும் என்பதை மறந்துவிடுகிறோம்.

தட்டில் இட்ட மாதிரியோடு உருகிய அகாரை ஊற்றிக் கலக்கும் ஊற்றுத் தட்டு முறையில் அகாரின் சூடு முக்கியம். கொதிநிலையை ஒட்டி உருகும் அகார், 40 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கும். ஆகவே 45 டிகிரி நீர்த்தொட்டியில் வைத்திருந்து ஊற்றுவதே வழக்கம். கையால் தொட்டுப் பார்த்து ஊற்றுபவர்கள் அவசரத்தில் 55 அல்லது 60 டிகிரியில் ஊற்றிவிட, வெப்பத்தைத் தாங்காதவை மடிந்து எண்ணிக்கை குறையும். இறுகிய அகாரின் மேல் மாதிரியைப் பரப்பும் பரப்புத் தட்டு முறையில் இந்தக் கவலை இல்லை. ஆனால் அங்கே இடுவது 0.1 மில்லிலிட்டர் என்பதால், கணக்கில் மேலும் ஒரு பத்தால் பெருக்க வேண்டும். பத்தாயிரம் மடங்கு நீர்த்த குழாயிலிருந்து ஒரு மில்லிலிட்டர் இட்டு 142 காலனிகள் வந்தால் ஒரு மில்லிலிட்டர் பாலில் 14,20,000; 0.1 மில்லிலிட்டர் இட்டு அதே 142 வந்தால் 1,42,00,000. மாணவர் பதிவேடுகளில் மிக அதிகமாகக் காணப்படும் பிழை இதுவாகவே இருக்கும்.

தட்டுகளைக் கவிழ்த்து வைக்காவிட்டால் மூடியில் திரளும் நீர் சொட்டி, காலனிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். மாதிரி இடாத கட்டுப்பாட்டுத் தட்டு ஒன்றையும் உடன் வைக்க வேண்டும்; அதில் வளர்ச்சி தெரிந்தால் மற்றத் தட்டுகளின் எண்ணிக்கையை நம்ப முடியாது.

25 முதல் 250 வரை, சில நெறிமுறைகளில் 30 முதல் 300 வரை, காலனிகள் உள்ள தட்டுகளையே கணக்கில் கொள்வதற்குக் காரணம் உண்டு. நான்கே காலனிகள் உள்ள தட்டில் தற்செயல் வேறுபாடு மட்டுமே இரண்டு காலனி அளவுக்கு, அதாவது பாதிக்கு, இருக்கும்; நூறு இருந்தால் அது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். முந்நூறைத் தாண்டினால் நெருக்கடியில் சில காலனிகள் வளராமலே போகும். ‘14,20,000’ என்று எழுதுவதும் இல்லாத துல்லியத்தைக் காட்டுவதாகும். முதல் இரண்டு இலக்கங்களோடு 14 லட்சம் என்று நிறுத்துவதே முறை. அதையும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை என்று குறிப்பிடாமல், ‘காலனி உருவாக்கும் அலகு’ என்றே குறிப்பிட வேண்டும். சங்கிலியாக இணைந்திருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸும் கொத்தாக இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸும், எத்தனை செல்கள் சேர்ந்திருந்தாலும், ஒரே காலனியாகத்தான் எழும். அந்த ஊடகத்தில், அந்த வெப்பநிலையில் வளராதவை கணக்கில் வரவே வராது.

எண்ணுவதற்கு அடுத்த வேலை, ஒரே இனத்தை மட்டும் பிரித்தெடுக்கும் தனிப்படுத்தல். அதில் பலரும் செய்வது, பழுக்கக் காய்ச்சிய லூப்பை (நுனி வளையமான கம்பி) ஆறவிடாமல் காலனியில் வைப்பது. ‘சுர்’ என்று ஒலி கேட்டால், எடுத்த செல்கள் செத்துவிட்டன என்று பொருள். இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத தவறு ஒன்று உண்டு. சில இனங்களை மட்டும் வளரவிடும் தேர்வு ஊடகத்தில் தனியாக நிற்கும் ஒரு காலனியைத் தூய்மையானது என்று நம்பி, நேராகச் சாய்வுக் குழாயில் (சாய்வாக இறுகிய அகார் உள்ள குழாய்) சேமித்துவிடுவது. அந்த ஊடகம் பல இனங்களின் வளர்ச்சியை அடக்கி வைக்குமே தவிர, எல்லாவற்றையும் கொல்வதில்லை; அடங்கிக் கிடந்தவை காலனியோடு சேர்ந்து லூப்பில் ஏறி, சாதாரண ஊடகத்துக்கு வந்ததும் தலைதூக்கும். எனவே அக்காலனியைச் சாதாரண ஊடகமான நியூட்ரியன்ட் அகாரில் மீண்டும் கோடிட்டு, அதாவது லூப்பால் கோடுகோடாகத் தேய்த்துப் பரப்பி, எழும் காலனிகள் எல்லாம் ஒரே தோற்றத்தில் உள்ளனவா என்று பார்த்து, ஒன்றைக் ‘கிராம்’ என்னும் சாய முறையில் சாயமேற்றி நுண்ணோக்கியில் நோக்க வேண்டும். கோல் வடிவமும் உருண்டை வடிவமும் கலந்து தெரிந்தால் அது இன்னும் தூய வளர்ப்பு ஆகவில்லை. மறுபடியும் கோடிட வேண்டியதுதான்.