பூத்துக்குப் போகும் டீச்சருக்கு: கட்சியை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புவது எப்படி

ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்கள் பள்ளியில் இரண்டு மூன்று பேருக்குப் புதிதாகத் தேர்தல் பணி ஆர்டர் வரும். வந்த கையோடு என்னைத் தேடிக்கொண்டு வருவார்கள். "டீச்சர், எந்த ஊர்ல போடுவாங்க? பாத்ரூம் இருக்குமா?" பாத்ரூமைக் கடைசியில் சொல்கிறேன். 2006-இல் தொடங்கி ஆறு தேர்தல் பார்த்துவிட்டேன். கடைசி மூன்றிலும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர். பயிற்சி வகுப்பில் வாக்குப்பதிவுக் கருவியை எப்படி இணைப்பது என்று நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். அங்கே சொல்லித் தராததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் தம்பி ஒரு கட்சி, வீட்டுக்காரர் அதற்கு நேர் எதிர். 2019-இல் குடும்ப வாட்ஸப் குரூப்பில் இவரைப் பார்த்து அவன் "தேசத்துரோகி" என்று எழுதிவிட்டு வெளியேறினான். அந்த வருஷப் பொங்கல் சீர் கூரியரில் வந்தது. எனக்கும் கட்சி உண்டு, கோபம் உண்டு. எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்கிற டீச்சரை நான் நம்புவதில்லை. இவ்வளவையும் வைத்துக்கொண்டு அந்த ஒரு நாளை எப்படிக் கடப்பது என்பதுதான் விஷயம்.

முதல் வேலை, உங்கள் ஓட்டைப் போட்டுவிடுங்கள். பயிற்சி நாளில் தபால் ஓட்டுக்குப் படிவம் 12 வாங்கும்போது "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள். ஓட்டைப் போட்டுவிட்டால் மனசு பாதி அடங்கும். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனி மற்றவர்கள் சொல்வதைப் பதிவு செய்வதுதான் வேலை.

அந்த நாளில் நீங்கள் பள்ளிக்கல்வித் துறை ஆளும் இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 28ஏ பிரிவின்படி தேர்தல் முடியும்வரை நீங்கள் தேர்தல் ஆணையத்தின் ஆள். அதே சட்டத்தில் 134-ஆம் பிரிவு, கடமை தவறினால் 500 ரூபாய் வரை அபராதம் என்கிறது. அதைக் கட்டிவிட்டுக்கூடப் போய்விடலாம், அதனால் சட்டத்துக்குப் பயந்துதான் எல்லோரும் ஒழுங்காக இருக்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. (கட்சிக்காக வேலை பார்த்தால் 129, அதற்குச் சிறை உண்டு.)

முந்தின நாள் மாலை பொருள்களோடு ஊரில் இறங்கியதும் டீ வரும், பின்னாலேயே வடை. இரவு பிரியாணி வரும், "எல்லாக் கட்சியும் சேர்ந்துதான் டீச்சர் குடுக்கறோம்" என்பார்கள். வாங்காதீர்கள். முகம் கோணாமல் மறுப்பதற்கு ஒரே வழி, கையில் எடுத்துக்கொண்டு போவதுதான். நான் இட்லிப் பொடியும் பிளாஸ்க்கும் வாழைப்பழமும் வைத்திருப்பேன். இல்லையென்றால் சத்துணவு ஆயாவிடம் காசு கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். ஒரு டீயில் என்ன ஆகிவிடும்? உங்களுக்கு ஒன்றும் ஆகாது. மறுநாள் ஏதாவது தகராறு என்றால் எதிர்த் தெருக்காரர் முதலில் சொல்வது அந்த டீயைத்தான்.

இப்போது மாதிரி வாக்குப்பதிவு, அதாவது நிஜ ஓட்டு தொடங்கும் முன் கருவியைச் சோதித்துக் காட்டுவது. இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நான் சறுக்கிய இடம் இது.

2019 மக்களவைத் தேர்தல், ஏப்ரல் 18. திருவையாறு பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளி. நான் தலைமை அலுவலராகப் போனது அதுதான் முதல் தடவை, விவிபேட்டும் (போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் பெட்டி) எங்களுக்குப் புதிது. வேட்பாளர்களின் ஏஜென்ட்டுகள் முன்னால் குறைந்தது 50 ஓட்டு போட்டுக் காட்ட வேண்டும், நோட்டா உட்பட ஒரு பட்டனும் விடாமல். போட்டோம். விவிபேட் பெட்டியைத் திறந்து, சீட்டுகளைப் பெஞ்சில் பரப்பி, சின்னம் வாரியாக அடுக்கி எண்ணினோம். சரியாக 50. எல்லோருக்கும் திருப்தி. வெளியே வரிசை நின்றுவிட்டது, மணி 6.45. சீட்டுகளின் முதுகில் முத்திரை குத்திக் கறுப்புக் கவரில் போட்டேன். கருவியை மூடி ஒட்டும் பச்சைத் தாள் சீலை எடுத்து ஏஜென்ட்டுகளின் கையெழுத்துக்கு நீட்டினேன்.

அப்போது ஒரு ஏஜென்ட் பையன், எனக்குக் கட்டோடு பிடிக்காத கட்சி, காலையிலிருந்தே தொணதொணவென்று கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவன், "டீச்சர், ஒரு தடவை டோட்டல் அமுக்குங்க" என்றான். "எண்ணியாச்சேப்பா" என்றேன், எரிச்சலாகவே. "இல்ல டீச்சர், அமுக்குங்க." அமுக்கினேன். 50 என்று காட்டியது.

கருவியில் ஓட்டை முடிக்கும் குளோஸ், கணக்கைக் காட்டும் ரிசல்ட், அதை அழிக்கும் கிளியர், இந்த மூன்று பட்டனையும் அழுத்தாமல் விட்டிருந்தேன். சீட்டை எண்ணிய திருப்தியில் கருவியையே மறந்துவிட்டேன். அப்படியே ஓட்டுப்பதிவைத் தொடங்கியிருந்தால் மாலையில் கணக்கில் 50 அதிகம் வந்திருக்கும். அப்புறம் நான் எந்தக் கட்சி, என் தம்பி எந்தக் கட்சி என்று ஊரே கிளறியிருக்கும். அவர்கள் கேட்பதிலும் தப்பு இருந்திருக்காது. கை நடுங்க மூன்று பட்டனையும் வரிசையாக அழுத்தி, ரிசல்ட்டைச் சீட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுக் காட்டி, அழித்து, மறுபடி டோட்டல் போட்டு பூஜ்யத்தை ஒவ்வொருவருக்கும் காட்டினேன். அந்தப் பையன் கிட்டே வந்து குனிந்து பார்த்துவிட்டு, "சரிங்க டீச்சர்" என்று கையெழுத்துப் போட்டான். அவ்வளவுதான், குத்திக்காட்டவில்லை.

அதனால் சொல்கிறேன். பிடிக்காத கட்சியின் ஏஜென்ட் எங்கே உட்கார்ந்திருந்தாலும் நீங்கள் செய்வது அவருக்கு நன்றாகத் தெரியட்டும். அவர் கேட்கிற கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள். நமக்குப் பிடித்த கட்சியின் ஏஜென்ட் நம்மை நம்பிவிடுவார், அவரால் நமக்கு உபயோகம் இல்லை.

ஓட்டுப்பதிவு தொடங்கினால் யோசிக்கவே நேரம் இருக்காது. ஆனால் மூன்று நான்கு இடங்களில் உங்கள் மனசு ஒரு பக்கம் சாயப் பார்க்கும்.

பூத் சிலிப் மட்டும் கொண்டுவந்தால் அது அடையாள ஆவணம் ஆகாது. இதை எல்லோருக்கும் ஒரே குரலில் சொல்லுங்கள். ஒருவருக்கு "வீட்டுக்குப் போய் ஆதார் எடுத்துட்டு வாங்கண்ணே", இன்னொருவருக்கு "அதெல்லாம் செல்லாது, போ" என்றால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் கவனிப்பார்கள். நூறு நாள் வேலை அட்டை செல்லும், போட்டோ ஒட்டிய வங்கிப் புத்தகமும் செல்லும். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் ஆள் அவர்தான் என்று தெரிந்த பிறகு அதைப் பிடித்துத் தொங்காதீர்கள்.

இவர் அவரில்லை என்று ஏஜென்ட் ஆட்சேபித்தால் 2 ரூபாய் கட்டச் சொல்லுங்கள், ரசீது கொடுங்கள், விசாரியுங்கள். ஒரு தெருக்காரர்கள் வரும்போது மட்டும் வரிசையாக ஆட்சேபம் கிளம்பும். சில்லறையை எடுக்கச் சொன்னாலே பாதி ஆட்சேபம் காணாமல் போகும்.

ஒருவர் வருகிறார், அவர் ஓட்டை ஏற்கெனவே யாரோ போட்டுவிட்டார்கள். திருப்பி அனுப்பிவிடுவதுதான் சுலபம். அனுப்பாதீர்கள். விசாரித்து, ஆள் அவர்தான் என்றால் டெண்டர் ஓட்டுக்கு அவருக்கு உரிமை உண்டு. கருவியில் இல்லை, தாள் சீட்டில். 17பி என்கிற டெண்டர் ஓட்டுப் பட்டியலில் கையெழுத்து வாங்கி, அவர் முத்திரை குத்தியதும் தனிக் கவரில் வையுங்கள். ஓட்டு எண்ணும் நாளில் அதை எண்ண மாட்டார்கள் என்பதையும் மறைக்காதீர்கள். 2021-இல் ஒரு பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, "எண்ணாட்டிப் போறாங்க, நான் வந்தேன்னு ஒரு எழுத்து இருக்கட்டும்" என்று குத்திவிட்டுப் போனார்.

வயதான அம்மாக்கள் மறைவுக்குள் போய்விட்டு, "எந்த பட்டன்மா?" என்று கூப்பிடுவார்கள். உள்ளே ஓடாதீர்கள். பயிற்சிக்கென்று அட்டையில் ஒட்டிய மாதிரித் தாள் இருக்கும், அவரை வெளியே அழைத்து அதில் காட்டுங்கள். ஒரு அப்பாயி சின்னத்தைச் சத்தமாகவே சொல்லிவிட்டார், அது என் சின்னம்! "சின்னத்தச் சொல்லக் கூடாது அப்பாயி, படத்துக்கு நேரா நீல பட்டன், அமுக்கினா பீப்னு சத்தம் வரும், ஜன்னல்ல ஏழு செகண்டு சீட்டு தெரியும்" என்று மட்டும் சொன்னேன். கண் தெரியாதவருக்குத் துணையாக வருகிறவர் 18 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும், ஒரு நாளில் ஒருவருக்குத்தான் துணை போகலாம். ஊருக்கே துணை வருகிற சமூகசேவகர் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார், இரண்டாவது தடவை வந்தால் நிறுத்துங்கள்.

மாலையில் நேரம் முடிந்தால் வரிசையின் கடைசி ஆளிடமிருந்து தொடங்கிச் சீட்டு கொடுத்துக்கொண்டு முன்னால் வாருங்கள். முன்னாலிருந்து கொடுத்தால் வால் நீண்டுகொண்டே போகும்.

குளோஸ் அழுத்திய பிறகு 17சி, அதாவது பதிவான ஓட்டுகளின் கணக்குத் தாள். ஓட்டுப் போட வந்தவர்கள் கையெழுத்திடும் 17ஏ பதிவேட்டில் இருக்கிற ஆள்கணக்கில், கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டுப் போடாமல் போனவர்களைக் கழித்தால் கருவியின் மொத்தம் வர வேண்டும். அந்தத் தாளின் நகலை இருக்கிற ஏஜென்ட் ஒவ்வொருவருக்கும் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அசதியில் "ஜெயிக்கிற கட்சிக்குக் குடுத்தா போதாதா" என்று என் உதவியாளர் ஒருவர் கேட்டார். தோற்கப்போகிறவருக்குத்தான் அது கட்டாயம் வேண்டும். எண்ணும் மேசையில் அவர் ஆள் அந்த ஒரு எண்ணைச் சரிபார்த்துவிட்டால், தோல்வியோடு வீட்டுக்குப் போவார், சந்தேகத்தோடு போக மாட்டார்.

2024-இல் பொருள்களை ஒப்படைக்கும் வரிசையில் நிற்கும்போது தம்பி கூப்பிட்டான். ஐந்து வருஷத்தில் அவனாகப் போன் பண்ணியது அன்றுதான். "உன் பூத்துல யாருக்குக்கா லீடு?" "743" என்றேன். "யாருக்கு?" "மொத்தமே 743டா. அதுக்கு மேல எனக்கும் தெரியாது." சிரித்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டான்.

ஒப்படைத்த ரசீதை வாங்காமல் நகராதீர்கள். பாத்ரூம் இருக்கும், ஆனால் பூட்டியிருக்கும். முந்தின நாள் வெளிச்சம் இருக்கும்போதே தலையாரியிடம் சாவியும் ஒரு வாளியும் கேட்டு வாங்கிவிடுங்கள். டார்ச் உங்களுடையது.