வலப்பக்கம் மட்டும் இழுக்காத வண்டி

கோத்தகிரி பக்கம் எஸ்டேட் ரோடு. ஏற்றத்தில் பைக்கின் ஹேண்டில்பாரை வலப்பக்கம் முழுசாக ஒடித்துத் திருப்பினால் இன்ஜின் உறுமும், வண்டி இழுக்காது, உள்பக்கமாகச் சாயும். இடப்பக்கம் பிரச்சினையே இல்லை. டயர் காற்று, ஐட்லிங், செயின் தளர்வு எல்லாம் பார்த்தாகிவிட்டது. மெக்கானிக் கிளட்ச் பிளேட்டை மாற்றச் சொன்னார். பிளேட் தேய்ந்திருந்தால் நேர் ஏற்றத்திலும் வழுக்குமே என்று மாற்றவில்லை.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஹேண்டிலை மெதுவாகத் திருப்பியபடி கிளட்ச் லீவரை விரலால் ஆட்டினேன். நடுவில் நல்ல தளர்வு; வலது கோடியில் துளிகூட இல்லை. முன்பு கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்) மாற்றியபோது கிளட்ச் கேபிளை ஃபிரேமோடு பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஹேண்டில் வலப்பக்கம் திரும்பும்போது கேபிள் இழுபட்டு, கிளட்ச் லீவரைப் பாதி பிடித்தது போன்ற நிலைக்குப் போயிருக்கிறது. டேக்கை வெட்டி, கேபிளைப் பழைய வழியில் விட்டதும் சரியானது. பெரிய நிம்மதி.

பிறகு சமதளமான காலி மைதானத்தில், ஹெல்மெட்டும் கையுறையும் போட்டு, ஒடித்துத் திருப்பிப் பழக, பெரிய வட்டத்தில் தொடங்கிச் சுருக்கினேன். ஆக்ஸிலேட்டர் ஒரே அளவு, கிளட்ச் பாதி, பின் பிரேக்கில் லேசாகக் கால். ஹேண்டில் ஒடிந்திருக்கும்போது முன் பிரேக்கைத் தொடக்கூடாது, வண்டி அப்படியே படுத்துவிடும். பார்வை வளைவு முடியும் இடத்தில். ஈரத் தேயிலைச் சருகு கிடந்தால் அன்று பயிற்சி வேண்டாம்.