ஐனு மொழிச் சொல்லுக்கு எழுத்தும் பொருளும் காண்பது எப்படி? நொபொரிபெட்சு என்ற பெயரை வைத்து ஒரு பயிற்சி

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் வரைபடத்தைப் பார்த்தால், ‘பெட்சு’ என்றும் ‘நை’ என்றும் முடியும் ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும். அவை அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஐனு மக்களின் மொழியிலிருந்து வந்தவை. ஐனு மொழிக்குச் சொந்த எழுத்து இல்லை. இன்று ரோமன் எழுத்திலும் ஜப்பானியரின் கட்டகானா எழுத்திலும் எழுதுகிறார்கள். ஆகவே பொருளைத் தேடும் முன் எழுத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். எழுத்து தவறினால் அகராதியில் சொல்லே அகப்படாது. வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன நொபொரிபெட்சு நகரத்தின் பெயரை எடுத்துக்கொள்வோம்.

படி 1: கன்ஜியை ஒதுக்கி வையுங்கள்

இந்த ஊரின் பெயரை இரண்டு கன்ஜி எழுத்துகளால், அதாவது சீனத்திலிருந்து வந்த, பொருள் சுமக்கும் எழுத்துகளால் எழுதுகிறார்கள். முதலாவதற்கு ‘ஏறு’, இரண்டாவதற்கு ‘பிரி’ என்று பொருள். இதை நம்பி ‘ஏறிப் பிரியும் இடம்’ என்று கதை கட்டிவிடாதீர்கள். காதில் விழுந்த ஒலிக்குப் பொருத்தமான கன்ஜியை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

படி 2: ஜப்பானிய ஒலியைக் களையுங்கள்

ஜப்பானியச் சொற்களில் ‘ன்’ தவிர வேறு மெய்யெழுத்தில் அசை முடிவது அரிது. அதனால் ஐனுவின் ‘பெட்’ அவர்கள் வாயில் ‘பெட்சு’ ஆனது, ‘நுபுர்’ என்பது ‘நொபொரி’ ஆனது. ஊர்ப் பெயரில் ‘பெட்சு’வின் முதல் ஒலி ‘பஸ்’ஸில் வரும் ப. ஐனு மொழியிலோ வல்லின ப, மெலிந்த ப என்ற பாகுபாடு பொருளை மாற்றாது. ‘பம்பரம்’ என்ற சொல்லில் இரண்டு வித ஒலிக்கும் நாம் ஒரே எழுத்தைப் போடுவதால், தமிழருக்கு இது எளிதில் பிடிபடும். ரோமனில் எழுதும்போது எப்போதும் P எழுத்தே வரும், B என்று எழுதிக் குழம்ப வேண்டாம்.

சரி, இப்போது கையில் இருப்பது: நுபுர் + பெட்.

படி 3: இரண்டு எழுத்திலும் எழுதிப் பாருங்கள்

ரோமனில்: N, U, P, U, R. அப்புறம் P, E, T.

கட்டகானாவில்தான் கவனம் தேவை. நு, பு, அடுத்து சிறிய ‘ரு’, பிறகு பெ, கடைசியில் சிறிய ‘ட்சு’. சிறிய எழுத்து என்றால் உயிர் சேர்க்காமல் மெய்யாக ஒலிக்க வேண்டும் என்று பொருள். ‘ர்’ ஒலிக்கு ஒரு சிறிய எழுத்து போதாது. முன்னால் வரும் உயிரைப் பொறுத்து அது மாறும். ‘நுபுர்’ என்பதில் முன்னால் உகரம் இருப்பதால் சிறிய ‘ரு’. ‘நல்ல, அழகான’ என்று பொருள்படும் ‘பிர்கா’வில் இகரம் இருப்பதால் சிறிய ‘ரி’. இந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடிக்கும், மெய்யை எழுதும்போதுகூட அதன் முன் ஒலித்த உயிரின் நிழல் எழுத்தில் தங்கிவிடுகிறது.

இதற்கான 16 சிறிய எழுத்துகள் 2002-இல் யூனிகோடில் சேர்ந்தன. இருந்தாலும் பலர் பெரிய ‘ரு’வையே தட்டச்சு செய்துவிடுகிறார்கள். இணையத்தில் தேடும்போது இரண்டு வடிவங்களையும் போட்டுப் பாருங்கள்.

படி 4: பிரித்துப் பொருள் பாருங்கள்

1996-இல் வந்த இரண்டு அகராதிகள் கைகொடுக்கும். கயானோ ஷிகேருவின் அகராதியில் தலைச்சொல் கட்டகானாவில் இருக்கும், தமுரா சுசுகோவின் சரு வட்டார அகராதியில் ரோமனில் இருக்கும். முந்தைய படியில் இரண்டு எழுத்திலும் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

‘பெட்’ என்றால் ஆறு. ‘நுபுர்’ என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று ஆன்ம வலிமை மிக்க, மற்றொன்று நிறம் அடர்ந்த, கலங்கிய. எதை எடுப்பது? இடத்தைப் பாருங்கள். கந்தக ஊற்று நீர் கலந்து ஓடும் ஆறு அது, ஆகவே ‘நிறம் அடர்ந்த ஆறு’ என்பதே பொருந்தும். ஊர்ப் பெயர் என்றால் நிலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பொருளை முடிவு செய்யாதீர்கள். ஐனு இடப்பெயர்களுக்கு 1956-இல் ஒரு சிற்றகராதி தந்த ஐனு மொழியியலாளர் சிரி மஷிஹோ பிறந்ததும் இதே நொபொரிபெட்சுவில்தான்.

பயிற்சிக்கு அருகிலுள்ள ஹொரொபெட்சுவை எடுங்கள். ‘பொரோ’ என்றால் பெரிய, ஆக ‘பெரிய ஆறு’. இங்கே முதல் ப, ஜப்பானியத்தில் ஹ ஆகிவிட்டது.

படி 5: புணர்ச்சியையும் வட்டாரத்தையும் கவனியுங்கள்

‘பொன்’ (சிறிய), ‘செதா’ (நாய்) இரண்டும் சேர்ந்தால் ‘பொய்செதா’ என்று ஒலிக்கும். அகராதியில் ‘பொய்’ என்று தேடினால் கிடைக்காது, ‘பொன்’ என்று திருப்பிக்கொள்ள வேண்டும். அதேபோல் சகாலின் தீவின் ஐனு வழக்கில் அசையின் இறுதியில் வரும் ப், ட், க் பெரும்பாலும் ‘ஹ்’ ஆகிவிடும். ஹொக்கைடோவில் ‘கப்’ (தோல்) என்பது அங்கே ‘கஹ்’. ஆகவே குறிப்பேட்டில் சொல்லை எழுதும்போது பக்கத்திலேயே எந்த வட்டாரம் என்றும் குறித்துவையுங்கள்.