டெஸ்ட் கமாண்ட் எழுதுறீங்களா, முதல்ல ஆர்க்யுமென்ட்டை எண்ணுங்க

நான் எழுதின சின்ன ஷெல்லுல (கமாண்டை படிச்சு ஓட்டற ப்ரோக்ராம்) ஒரு மெனு ஸ்கிரிப்ட் ஓடிட்டு இருந்துச்சு. என்ன கொடுத்தாலும் ஒழுங்கா போகுது, வெறும் ஆச்சரியக்குறி கொடுத்தா மட்டும் எரர் அடிச்சு நிக்குது. ஸ்கிரிப்ட்ல இருந்த வரி இதுதான் ([ ங்கறது டெஸ்ட் கமாண்டோட இன்னொரு பேர், $1 ங்கறது ஸ்கிரிப்ட்டுக்கு கொடுத்த முதல் வார்த்தை):

[ "$1" = "?" ]

டபுள் கொட்டேஷன் இருக்கு, ஸ்பேஸ் எல்லாம் சரியா இருக்கு, இதே வரி பாஷ்ல (எல்லாரும் பயன்படுத்தற பிரபலமான ஷெல்) பிரச்சனையே இல்லாம ஓடுது. அப்போ கோளாறு என் பார்சர்லதான், அதாவது வார்த்தைங்களை படிச்சு அர்த்தம் பிரிக்கற பகுதியில. நீங்களும் டெஸ்ட் பில்ட்டின் (ஷெல்லுக்குள்ளயே இருக்கற டெஸ்ட் கமாண்ட்) எழுதிட்டு இருந்தா இந்த இடத்துல கண்டிப்பா மாட்டுவீங்க, அதனாலதான் சரிபண்ற வழியை விவரமா எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு தெளிவா புரியணும். டெஸ்ட் கைக்கு வர்றது எக்ஸ்பேன்ஷன் (வேரியபிள் இருக்கற இடத்துல அதோட மதிப்பை போடறது) எல்லாம் முடிஞ்சு, கொட்டேஷனும் உரிச்சு எடுத்த வெறும் வார்த்தைங்க மட்டும்தான். ஸ்கிரிப்ட் எழுதினவர் ஆச்சரியக்குறியை ஆபரேட்டரா போட்டாரா, இல்ல அது வேரியபிள்ல இருந்து வந்த சாதா டெக்ஸ்ட்டான்னு டெஸ்டுக்கு தெரியவே தெரியாது. என் பார்சர் சாதாரண ரிகர்சிவ் (தன்னையே திரும்பக் கூப்பிட்டுக்கற) டைப், இடது பக்கமிருந்து படிச்சுட்டே வரும், முதல் வார்த்தை ! ன்னு பாத்ததும் "சரி, இது மறுப்பு"ன்னு முடிவு பண்ணிடும், மிச்சம் = ? ன்னு ரெண்டு வார்த்தை கிடக்கும், அதை வச்சு என்ன பண்றதுன்னு தெரியாம எரர்.

இதுக்கு போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொது ஸ்பெக்) சொல்ற வழி ரொம்ப நேரானது: எத்தனை ஆர்க்யுமென்ட்னு (கமாண்டுக்கு வந்த வார்த்தைங்க) எண்ணு, அப்புறமா அர்த்தம் பாரு. கமாண்ட் பேர் [ ன்னா கடைசி வார்த்தை ] தானான்னு பாத்து, அதை கழிச்சுட்டு எண்ணணும். ] இல்லன்னா உடனே எரர். டெஸ்ட்னு பேர் போட்டே கூப்பிட்டிருந்தா ] தேவையில்ல.

ஒண்ணுமே இல்லன்னா பொய். ஒண்ணு இருந்தா, அது காலி இல்லன்னா உண்மை, அவ்ளோதான், அது ! ஆ இருந்தாலும் மைனஸ் எஃப் (-f) ஆ இருந்தாலும் சாதா வார்த்தைதான். ரெண்டு இருந்தா, முதல்ல ! வந்தா அடுத்தது காலியா இருந்தாதான் உண்மை, யூனரி ஆபரேட்டர் (-f மாதிரி ஒரே வார்த்தையை சோதிக்கறது) வந்தா அதை ஓட்டு, ரெண்டும் இல்லன்னா ஸ்பெக் எதுவும் சொல்லல, எரர் கொடுக்கறதுதான் நல்லது.

மூணுதான் முக்கியமான இடம். இங்க *நடுவுல இருக்கறதைத்தான்* முதல்ல பாக்கணும். நடு வார்த்தை பைனரி ஆபரேட்டரா (= மாதிரி ரெண்டை ஒப்பிடறது) இருந்தா ரெண்டு பக்கமும் வெறும் டெக்ஸ்ட், கேள்வியே இல்லாம ஒப்பிடு. அப்படி இல்லன்னா மட்டும்தான் முதல் வார்த்தை ! ஆன்னு பாத்து, மிச்ச ரெண்டை ரெண்டு ஆர்க்யுமென்ட் விதிக்கு அனுப்பி பதிலை திருப்பணும். இந்த வரிசையை மாத்தினதும் என் மெனு சரியாயிடுச்சு, ஏன்னா ! = ? ங்கறதுல நடுவுல = இருக்கு. நாலு இருந்தா, முதல்ல ! வந்தா மிச்ச மூணை மூணு விதிக்கு அனுப்பி திருப்பு.

நாலுக்கு மேல போனா ஸ்பெக் கை விரிச்சுடுது. கண்டிஷன்களை சேர்க்கற மைனஸ் ஏ (-a, "மற்றும்"), மைனஸ் ஓ (-o, "அல்லது"), அடைப்புக்குறி எல்லாத்தையும் 2008 பதிப்புலயே வழக்கொழியப் போறதுன்னு குறிச்சாங்க, 2024 பதிப்புல எடுத்தே விட்டாங்க. பழைய ஸ்கிரிப்ட் ஓடணும்னா உங்க ரிகர்சிவ் பார்சரை இதுக்கு மட்டும் வச்சுக்கோங்க, ஆனா அதுலயும் ஒவ்வொரு இடத்துலயும் அடுத்த வார்த்தை பைனரி ஆபரேட்டரான்னு எட்டிப் பாத்துட்டுதான் ! ஐ ஆபரேட்டரா எடுக்கணும். எட்டிப் பாக்கும்போது வார்த்தை லிஸ்ட் முடிஞ்சிருக்கான்னு செக் பண்ணுங்க, இல்லன்னா இல்லாத மெமரியை படிச்சு கிராஷ் ஆகும். புதுசா எழுதுற ஸ்கிரிப்ட்ல இப்படி பிரிச்சு எழுதிடுங்க, எண்ணிக்கை எப்பவும் சின்னதாவே இருக்கும்:

[ "$1" = "" ] || [ "$2" = "" ]

இன்னொரு பக், இதை கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆச்சு. டெஸ்டுக்கு மூணு பதில் உண்டு: 0 உண்மை, 1 பொய், 1க்கு மேல எரர், பாஷ் 2 கொடுக்கும். மறுப்பு பண்ற இடத்துல ரிட்டர்ன் வேல்யூவுக்கு முன்னாடி சி மொழியோட ! ஐ சும்மா போட்டிருந்தேன். 0 போய் 1 ஆகும், 1 போய் 0 ஆகும், சரிதான், ஆனா எரரா வந்த 2 கூட 0 ஆயிடுது, அதாவது தப்பான கண்டிஷன் உண்மைன்னு ஆகி உள்ள இருக்கற கமாண்ட் எல்லாம் ஓடும். ஃபைல் அழிக்கற ஸ்கிரிப்ட்ல இது நடந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. 1க்கு மேல வந்தா திருப்பாம அப்படியே மேல அனுப்புங்க.

எண் விதியை சரியா எழுதினா வர்ற ஒரு விஷயம் பல பேருக்கு பக் மாதிரி தெரியும், தயவுசெஞ்சு அதை "சரி" பண்ணிடாதீங்க. மைனஸ் என் (-n, காலி இல்லையான்னு பாக்கறது) போட்டு பக்கத்துல கொட்டேஷன் இல்லாம $1 எழுதினா, அது காலியா இருக்கறப்போ வார்த்தையே காணாம போயிடும். மிச்சம் மைனஸ் என் மட்டும்தான், ஒரே ஆர்க்யுமென்ட், காலி இல்ல, அதனால உண்மை. ஷெல் சரியாதான் சொல்லுது, கொட்டேஷன் போட வேண்டியது ஸ்கிரிப்ட்தான். அதே மாதிரி [ $1 > 5 ] ன்னு எழுதினா 5ங்கற பேர்ல ஒரு ஃபைல் உருவாகும், > ஐ ஷெல்லே ரீடைரக்ஷனா (வெளியீட்டை ஃபைலுக்கு திருப்பறது) எடுத்துக்கும், டெஸ்ட் வரைக்கும் வரவே வராது.

மாத்தி முடிச்சதும் இதெல்லாம் ஒண்ணொண்ணா ஓட்டி $? (கடைசி கமாண்ட் கொடுத்த பதில் எண்) என்ன வருதுன்னு பாருங்க:

[ ] – 1
[ ! ] – 0
[ ! "" ] – 0
[ ! ! ] – 1
[ ! = ! ] – 0
[ "(" = ")" ] – 1
[ ! ! "" ] – 1
[ ! "" = "" ] – 1
[ "அ" "ஆ" ] – 2
[ ! "அ" "ஆ" ] – 2

கடைசி வரிக்கு 0 வந்துச்சுன்னா மறுப்பு பண்ற இடத்துக்கு திரும்பப் போங்க, எரர் இன்னும் அங்கதான் திரும்பிட்டு இருக்கு.